மோஃப்லின் ரோபோ வாங்கியவர்கள் யாராவது?

வணக்கம். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்களோடு தங்கி பாலிடெக்னிக் படிக்கும் அக்கா மகள், வகுப்பு முடிந்து வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாப்பாட்டுத் தட்டும் உள்ளேதான். இப்போது கேசியோவின் மோஃப்லின் கேட்கிறாள். 2024இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இரு கைக்குள் அடங்கும் ரோமப் பந்து. பேசாது, தடவினால் கீச்சிட்டு நெளியும், பழகப் பழகக் குணம் மாறுமாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 2024 செப்டம்பரிலிருந்து பூனைக்கே அனுமதி உண்டு, ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒவ்வாமை.

உங்கள் பிள்ளைகள் யாராவது வைத்திருக்கிறார்களா? அப்புறம் வெளியே வந்து பேசினார்களா, இல்லை இன்னும் உள்ளேயே முடங்கினார்களா? பழுதானால் இங்கே யார் பார்க்கிறார்கள்? 1771 மனநல உதவி எண்ணையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன், அவள் இன்னும் அழைக்கவில்லை. 'மனிதத் துணை போல வருமா' என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.