பம்ப்பிலிருந்து இறங்கும் நேரத்தில் டிஇஇ படம் மங்குகிறது

கேள்வி (கார்டியாக் அனஸ்தீசியா மாணவி):
மிட்ரல் வால்வு ரிப்பேர் கேஸ்களில் டிஇஇ (உணவுக்குழாய் வழியாக ப்ரோப் விட்டு இதயத்தைப் பார்க்கும் எக்கோ) படம் ஆரம்பத்தில் ஓரளவு தெளிவாக வருகிறது. பம்ப்பை (இதய-நுரையீரல் இயந்திரத்தை) விட்டு இறங்கும்போது, சர்ஜன் "லீக் இருக்கா?" என்று கேட்டு நிற்பார், அப்போது பார்த்து ட்ரான்ஸ்கேஸ்ட்ரிக் வ்யூ (வயிற்றுக்குள்ளிருந்து பார்ப்பது) முழுக்கப் புகை. கெயினை (படத்தின் பிரகாசத்தை) ஏற்றினால் திரையே வெளுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் (மூத்த மயக்க மருத்துவர்):
கெயினை அப்படியே விடுங்கள், முதலில் வயிற்றைக் கவனியுங்கள். மாஸ்க்கில் காற்று கொடுக்கும்போதே கொஞ்சம் வயிற்றுக்குள் போய்விடும். ப்ரோப் போடும் முன் வாய் வழியாக ரைல்ஸ் ட்யூபை விட்டு, நன்றாக உறிஞ்சி, ட்யூபை வெளியே எடுத்துவிடுவேன். உள்ளேயே விட்டால் அதன் நிழல் படத்தில் விழும். அப்புறம், இதயத்துக்குப் பின்னால் பேட் (துணி) ஏதாவது இருக்கிறதா என்று சர்ஜனிடம் கேளுங்கள். அதை எடுத்ததும் படம் தெளிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லீக்குக்கு மிட்-ஈசோஃபேஜியல் வ்யூதான் (உணவுக்குழாயின் நடுப்பகுதியிலிருந்து பார்ப்பது) முக்கியம். ப்ரோப் அங்கே இடது ஏட்ரியத்துக்கு (இதயத்தின் இடது மேலறைக்கு) நேர் பின்னால் நிற்கும். ஆழத்தைக் குறைத்து, கலர் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டுவது) பெட்டியை வால்வு அளவுக்குச் சுருக்குங்கள். ஃப்ரேம் ரேட் உடனே ஏறும். ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: ரத்த அழுத்தம் 80-இல் இருக்கும்போது "லீக் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நோயாளியின் வழக்கமான அளவுக்கு ஏற்றிவிட்டுப் பாருங்கள். சின்னதாகத் தெரிந்த லீக் அப்போதுதான் உண்மையான அளவைக் காட்டும்.

நுனியை வளைத்துப் பூட்டிய நிலையில் ப்ரோப்பை இழுக்கவே கூடாது. உணவுக்குழாய் கிழிந்தால் அது உயிருக்கே ஆபத்து.

பதில் (எக்கோ டெக்னீஷியன்):
டயதர்மி (மின்சாரத்தால் வெட்டும், ரத்தக்கசிவை நிறுத்தும் கருவி) ஓடினால் கலர் டாப்ளர் முழுக்கக் கோடாகிவிடும். "சார், பத்து செகண்ட் நிறுத்துங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள். டயதர்மி வயரும் ப்ரோப் வயரும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார், நன்றி அண்ணா. மேலேறும் அயோர்ட்டாவின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின்) மேல்பகுதி எந்தக் கோணத்திலும் கிடைப்பதில்லையே?

பதில் (மூத்த மயக்க மருத்துவர்):
அது கிடைக்காது, நடுவில் மூச்சுக்குழாய்க் காற்று இருக்கிறது. கானுலா (பம்ப்பின் குழாய்) போடும் முன் அங்கே கால்சியம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், ஹை-ஃப்ரீக்வென்சி ப்ரோப்பை ஜெல்லோடு ஸ்டெரைல் உறைக்குள் போட்டு சர்ஜன் கையில் கொடுங்கள். மார்புக்குள் கொஞ்சம் சலைன் ஊற்றி, அயோர்ட்டாவை அழுத்தாமல் மேலே பிடித்தால் சுவர் அழகாகத் தெரியும். வயதானவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.