மொறிஸ் மைனர் 1000: பிறேக் ஒயில் குறையுது, பெடலும் இறங்குது

மைனர்64:
வணக்கம் அண்ணையாக்கள். என்ரை கார் 1098 சிசி மொறிஸ் மைனர், நாலு கதவு. மாஸ்ரர் சிலிண்டரிலை (பெடலை மிதிக்கப் பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுறது) கிழமைக்குக் கிழமை ஒயில் குறையுது. பின் இடது சில்லின்ரை உள்பக்கம் ஈரம், ரயரிலை ஒழுகின கோடு தெரியுது. சாரதிப் பக்கம் சசிக்குக் (காரின்ரை அடிச்சட்டம்) கீழையும் இடைக்கிடை ஒரு சொட்டு நிக்குது. பெடலை முதல்தரம் மிதிச்சால் பாதிக்கும் கீழை இறங்குது, உடனை ரெண்டாந்தரம் மிதிச்சால் உயருது. வீல் சிலிண்டருக்கு (சில்லுக்குள்ளை பிறேக்கைத் தள்ளுறது) ரப்பர் மட்டும் மாத்தினால் காணும் எண்டு ஒராள் சொல்லுறார். மாஸ்ரரையும் கழட்ட வேணுமோ? எதிலை தொடங்கிறது?

சுன்னாகத்தான்:
தம்பி, முதல்லை காரை ஓடுறதை நிப்பாட்டுங்கோ. மைனருக்கு நாலு சில்லுக்கும் சேத்து ஒரே ஒரு ஒயில் சேர்க்கிட்தான். ஒரு இடத்திலை ஒயில் போனால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை, மிஞ்சிறது ஹான்ட்பிறேக் மட்டும்.

அடுத்தது, ஒழுகிறது பிறேக் ஒயில்தானோ எண்டு பாருங்கோ. மைனரின்ரை பின் ஹப்பிலை (சில்லின்ரை நடுப்பாகம்) ஒயில் சீல் போய், பின் அக்ஸில் நடுவிலை இருக்கிற டிஃபரன்ஷலின்ரை கியர் ஒயில் றம்முக்குள்ளை (பிறேக் டிரம்) வாறது வழமை. ஈரத்தை விரலாலை எடுத்து ஒரு கிளாஸ் தண்ணியிலை விடுங்கோ. பிறேக் ஒயில் எண்டால் கரைஞ்சு போகும். கியர் ஒயில் எண்டால் மேலை மிதக்கும், கந்தக மணமும் அடிக்கும். அப்பிடியெண்டால் வேலை ஹப் சீலிலை, டிஃபரன்ஷலிலை ஒயில் கூடிக் கிடக்கோ எண்டும் பாக்க வேணும்.

பெடல் சொல்லுறதையும் கேளுங்கோ. ரெண்டாந்தரம் மிதிக்க உயர்ந்து கல்லு மாதிரி நிண்டால், சூவுக்கும் (றம்மை உரசிப் பிடிக்கிற பிறேக் கட்டை) றம்முக்கும் இடைவெளி கூடிப்போச்சு, அட்ஜஸ்ட் பண்ண வேணும். பஞ்சு மாதிரி அமத்துப்பட்டால் உள்ளை காத்து. காலை அழுத்தி வைச்சிருக்க மெல்ல மெல்லக் கீழை இறங்குது, வெளியிலை எங்கையும் ஈரமில்லை எண்டால், மாஸ்ரருக்குள்ளை ஒயிலை அடைக்கிற கப் ரப்பர் பிடிக்கேல்லை.

எல்லாச் சில்லுக்குக் கீழையும், மாஸ்ரருக்கு நேர் கீழையும் பேப்பர் விரிச்சு, ஒராள் பெடலை ஒரு நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிக்க, மற்றாள் ரோச் அடிச்சுப் பாக்கட்டும். மாஸ்ரர் சசிப் பெட்டிக்குள்ளை இருக்கிறதாலை ஒயில் உள்ளாலை ஓடி வேறை ஓட்டையாலைதான் சொட்டும். சொட்டு விழுந்த இடத்தை வைச்சு முடிவெடுக்காதேங்கோ.

பழையசில்லு:
பின் சில்லு வேலை இதுதான். முன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கோ, ஹான்ட்பிறேக்கை விடுங்கோ, ஜக்கிலை தூக்கி ஸ்ராண்டிலை நிப்பாட்டுங்கோ. றம்மைப் பிடிக்கிறது ரெண்டு ஸ்குறூ. கறள் பிடிச்சிருந்தால் ஸ்குறூ டிறைவரை வைச்சு தலையிலை ஒரு தட்டுத் தட்டித் திருப்புங்கோ. றம் வராட்டில் அட்ஜஸ்ரரைத் தளர்த்துங்கோ. உள்ளை இருக்கிற தூசியைக் காத்தடிச்சு ஊதக்கூடாது, பழைய லைனிங்கிலை அஸ்பெஸ்டோஸ் இருக்கும். ஈரத் துணியாலை துடையுங்கோ.

சிலிண்டரின்ரை தூசி ரப்பரை மெல்ல விலக்கினால் உள்ளை ஒயில் நிக்கும். நிண்டால் அந்தச் சிலிண்டர் முடிஞ்சுது. பிஸ்ரனை எடுத்து உள்சுவரை ஸ்பிரிட்டாலை துடைச்சு வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. மங்கலான கறை மட்டும் எண்டால் ஹோன் பண்ணி (உள்சுவரை மெல்லத் தேய்ச்சு) புது ரப்பர் போடலாம். நகம் தட்டுப்படுற குழி இருந்தால் சிலிண்டரையே மாத்துங்கோ. குழிக்கு மேலை புது ரப்பர் போட்டால் அதின்ரை விளிம்பைக் குழி தின்னும், திரும்ப ஒழுகும். ரப்பர் மட்டும் காணும் எண்டு சொன்னவர் உள்ளை பாத்துச் சொல்லியிருக்க மாட்டார். புதுசு வாங்கேக்கை பழையதைக் கையோடை கொண்டுபோய் உள்விட்டத்தை ஒப்பிடுங்கோ, எல்லா வருஷத்து மைனருக்கும் ஒரே அளவில்லை.

பின் சிலிண்டர் பாக்பிளேற்றின்ரை (சூவைத் தாங்கிற பின்தகடு) நீள ஓட்டையிலை முன்னுக்கும் பின்னுக்கும் வழுக வேணும். கறளிலை இறுகினால் ஒரு சூ மட்டும்தான் பிடிக்கும். அந்த விளிம்பைச் சுரண்டி, பிறேக்குக்கான கிறீஸ் இம்மியளவு பூசுங்கோ.

ஒயில் குடிச்ச சூவைக் கழுவியோ சுட்டோ பாவிக்கேலாது. வலது பக்கச் சூவையும் சேத்து மாத்துங்கோ, இல்லாட்டில் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

இங்கை கராஜ்களிலை எல்லாத்தையும் மண்ணெண்ணெயிலை கழுவுற பழக்கம் இருக்கு. பிறேக் ரப்பருக்கு அது நஞ்சு. யுத்தகாலப் பொருளாதாரத் தடையிலை பெற்றோல் இல்லாமல் எஞ்சின் மண்ணெண்ணெயிலை ஓடினது வேறை கதை. மண்ணெண்ணெய், பெற்றோல், எஞ்சின் ஒயில் எது பட்டாலும் ரப்பர் ஊதிப் பிஸ்ரனை இறுக்கிப் பிடிக்கும். ஸ்பிரிட் அல்லது புது பிறேக் ஒயில், வேறை ஒண்டும் வேண்டாம்.

மைனர்64:
நன்றி அண்ணை. தண்ணியிலை கரைஞ்சுது. சிலிண்டருக்குள்ளை நகம் தட்டுற குழி ரெண்டு இருக்கு, அதைப் புதுசு போடுறன். அழுத்திப் பிடிக்க மாஸ்ரரின்ரை பூட் ரப்பராலும் (முனையை மூடுற தூசி ரப்பர்) கசியுது. செப்புக் குழாயிலை புது லைன் இழுத்துத் தரலாம் எண்டு கராஜிலை சொல்லினம், செய்யலாமோ?

தீவகன்:
சும்மா செப்புக் குழாய் வேண்டாம். அதிர்விலை செப்பு இறுகி வெடிக்கும். 3/16 இன்ச் இரும்பு லைன் அல்லது செப்பு-நிக்கல் கலப்பு லைன் எடுங்கோ. முனையைப் பழைய லைனிலை இருந்த மாதிரியே பிளெயர் பண்ண (விரிச்சு மடிக்க) வேணும். யூனியன்களுக்கு (லைனைப் பூட்டுற நட்டுகள்) இன்ச் சாவி போடுங்கோ, மில்லிமீற்றர் சாவி மூலையை வழிச்சுப் போடும்.

ரப்பர் ஹோஸ் மூண்டு: முன்னுக்கு ரெண்டு, பின் அக்ஸிலுக்கு ஒண்டு. மடிச்சுப் பாக்க வெடிப்புத் தெரிஞ்சால் மூண்டையும் மாத்துங்கோ. முதல்லை லைன் யூனியனைக் கழட்டி, பிறகு பிராக்கெற் நட்டை எடுத்து, கடைசியாத்தான் ஹோஸை முழுசாச் சுத்திக் கழட்ட வேணும். முறுக்கினால் உள்சுவர் கிழியும். செப்பு வாஷரைப் புதுசாப் போடுங்கோ.

பூட்டாலை ஒயில் வந்தால் மாஸ்ரர் கழட்டத்தான் வேணும். பிடிக்கிற ரெண்டு நீளப் போல்ற்றையும் வெளியிலை இழுக்க விடாமல் டோர்ஷன் பார் (முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிறிங்கா நிக்கிற இரும்புத் தண்டு) குறுக்கை நிக்கும். பாரைத் தளர்த்தாமல் வராது. அது நல்ல முறுக்கிலை நிக்கிற சாமான், செய்து பழகின ஆளோடை செய்யுங்கோ. திரும்பப் போடேக்கை போல்ற்றை மற்றப் பக்கத்தாலை செருகி விடுங்கோ, அடுத்த முறை பாரிலை கை வைக்கத் தேவையில்லை. பெடல் பிஸ்ரனைத் தள்ளுற புஷ்றொட்டிலை மெல்லிய ஆட்டம் கட்டாயம் இருக்க வேணும். பிஸ்ரன் முழுசாத் திரும்பாட்டில் ஒயில் திரும்பிப் போற சின்ன ஓட்டை மூடி, ஓட ஓட பிறேக் தானாப் பிடிக்கும்.

ஒயில் டொட் 4 தரம், மூடி உடைக்காத போத்தல். அது காத்திலை இருக்கிற ஈரத்தைக் குடிக்கும்: புதுசிலை கொதிநிலை குறைஞ்சது 230 பாகை செல்சியஸ், ஈரம் சேர்ந்தால் 155 வரைக்கும் இறங்கலாம். டொட் 5 சிலிக்கன், இதோடை கலக்கப்படாது. பெயின்றிலை பட்டால் உடனை தண்ணி ஊத்துங்கோ.

சாரதியின்ரை காலடிக் காப்பெற்றை எடுத்து மாஸ்ரர் மூடியைச் சுத்தி இருக்கிற மண்ணை முதல்லை துடையுங்கோ, திறந்த உடனை அதுதான் உள்ளை விழும். மட்டம் வாய்க்குக் கீழை அரை இன்ச். மூடியிலை இருக்கிற காத்து ஓட்டை அடைபட்டிருக்கக் கூடாது.

லைனுக்குள்ளை இருக்கிற காத்தை எடுக்க முதல் எல்லாச் சூவையும் அட்ஜஸ்ட் பண்ணுங்கோ, அட்ஜஸ்ரர் முன் சில்லு ஒவ்வொண்டுக்கும் ரெண்டு, பின்னுக்கு ஒவ்வொண்டு. றம் ஓட்டைக்குள்ளாலை வலஞ்சுழியாத் திருப்பி, சில்லு இறுகினதும் ஒரு கிளிக் பின்னுக்கு. பிறகு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது எண்ட ஒழுங்கிலை எடுங்கோ. சிலிண்டரிலை காத்து எடுக்கிற நிப்பிளிலை தெளிஞ்ச ரியூப் போட்டு நிப்பிளைத் தளர்த்தி, மற்ற முனையைப் போத்தலிலை ஒயிலுக்குள்ளை தாட்டு வையுங்கோ. மெல்ல மிதிச்சு, நிப்பிளைப் பூட்டின பிறகுதான் காலை எடுக்க வேணும். நாலைஞ்சு மிதிக்கு ஒருக்கா மட்டத்தைப் பாத்து ஊத்துங்கோ, மாஸ்ரர் சின்னன், கெதியா வத்தி திரும்பக் காத்து இழுக்கும். மாஸ்ரர் வேலைக்குப் பிறகு அரை லீற்றர் மட்டுமட்டு, ஒரு லீற்றர் வாங்கி வையுங்கோ.

முடிஞ்ச பிறகு பெடலை ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிச்சு எல்லா யூனியனையும் வெள்ளைக் கடதாசியாலை ஒத்திப் பாருங்கோ. அடுத்த நாள் காலமையும் ஒருக்கா மட்டத்தைப் பாத்துத்தான் றோட்டிலை இறக்க வேணும்.