மறுமொழி: ஜீனோம் அளவுக்குப் 'புரியெடை' சரிவருமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஜீனோமுக்கு, அதாவது ஓர் உயிரின் செல்லில் உள்ள டிஎன்ஏத் தொகுதிக்கு, தமிழ்ச் சொல்லாக நான் முன்வைத்த 'மரபிழை'யை நீங்கள் ஒரே வரியில் கவிழ்த்துவிட்டீர்கள். "வாய்விட்டுச் சொல்லிப் பாரும், பிழை என்றுதான் காதில் விழும்." சொல்லிப் பார்த்தேன். மரபு, இழை என்று பலகையில் எத்தனை தடவை பிரித்து எழுதினாலும் கடைசி பெஞ்சுக்குப் பிழைதான் போய்ச் சேரும். சரி, விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஜீனோம் அளவுக்கு 'மரபணுத்தொகை அளவு' என்றே இருக்கட்டும் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. நெல்லின் ஜீனோம் சுமார் அரை பிகோகிராம் (கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிகோகிராம்). வெங்காயத்தினுடையது 16 பிகோகிராமுக்கு மேல். மனிதனுடையதைப்போல ஐந்து மடங்கு. 'வெங்காயத்தின் மரபணுத்தொகை பெரியது' என்று எழுதினால், அதற்கு மரபணுக்கள் அதிகம் என்றுதானே பிள்ளைகள் எடுத்துக்கொள்ளும்? கூடிக்கிடப்பது பெரும்பாலும் மரபணு அல்ல. தன்னைத்தானே படியெடுத்து வேறு இடத்தில் செருகிக்கொள்ளும் தாவும் கூறுகளும் அவற்றின் மிச்சங்களும்தான். மக்காச்சோளத்தில் அவை மட்டும் சுமார் 85 சதவீதம். ஆஸ்திரேலியாவின் காட்டு நெல் ஒன்றில் (ஒரைசா ஆஸ்திரேலியென்சிஸ்) மூன்றே வகைக் கூறுகள் பெருகி, கடந்த 30 லட்சம் ஆண்டுகளுக்குள் ஜீனோமை இரட்டிப்பாக்கிவிட்டன. குரோமோசோம் என்னவோ நம் வயல் நெல்லுக்கு உள்ள அதே 24தான்.

எண்ணிக்கை வேறு, எடை வேறு என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துப் புரிந்ததல்ல. திங்கள்சந்தைப் பக்கம் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அம்மா கயிறு திரிப்பாள். ஊறிய கதம்பையை (தேங்காய் மட்டையை) அடித்து எடுத்த தும்பை மடியில் கட்டிக்கொண்டு, ராட்டைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போவாள். புரி நீண்டுகொண்டே வரும். இரண்டு புரி சேர்த்து முறுக்கினால் கயிறு. வியாபாரி வந்தால் எத்தனை கயிறு என்று எண்ணமாட்டார், தராசில் தூக்கிப் போடுவார். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம், நெல்லுக்கு 24. தராசு சொல்லும் கதையே வேறு.

குரோமோசோமை நிறப்புரி என்றும் சொல்கிறார்கள். அந்தப் புரியைக் கடன் வாங்கினால் என்ன? 1920இல் ஹான்ஸ் விங்க்லர் 'ஜீனோம்' என்ற சொல்லை உருவாக்கியபோதே ஒருமடிய (ஒற்றைச் செட்) குரோமோசோம் தொகுதியைத்தான் அப்படி அழைத்தார். அதனால் ஜீனோமுக்குப் புரித்தொகை. குறுந்தொகை, நெடுந்தொகை படித்த நமக்கு அந்நியமாகவும் இருக்காது. 1950இல் ஹ்யூசன் ஸ்விஃப்ட் ஜீனோமின் டிஎன்ஏ அளவை 'சி மதிப்பு' என்று குறித்ததற்கு (இனத்துக்குள் மாறாதது என்ற பொருளில் அந்த சி) புரியெடை. ஒரு பிகோகிராம் என்பது ஏறக்குறைய 97.8 கோடி கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்). எடையாக அளந்து பழகியதை எடை என்றே சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. வாழையில் மட்டிப் பழம் இருமடியம், அதாவது குரோமோசோம் செட் (மடி) இரண்டு, மொத்தம் 22 குரோமோசோம். ஏத்தன் மும்மடியம், 33. செல்லில் டிஎன்ஏ இரட்டிப்பதற்கு முன்னுள்ள மொத்த எடையில் பாதியைத்தான் புரியெடை என்கிறோம். மட்டியில் அந்தப் பாதி ஒரு முழு மடி. ஏத்தனில் பாதி என்பது ஒன்றரை மடி! அதனால் மொத்தத்தை மடிகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவதற்குத் தனிச் சொல் வேண்டும். மடியெடை என்று வைக்கலாம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள். மாணவர்களுக்கு அந்தக் கிண்டலோடேயே சொல்லிக்கொடுக்கலாம், மறக்காது.

அப்புறம், பன்மடியமான (மடிகள் பெருகிய) பிறகு பல செடிகள் காலப்போக்கில் டிஎன்ஏவை உதறி மெலிந்துவிடுகின்றன. 'எடைக்குறைப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஜிம் விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'புரி தேய்தல்' சரிவருமா, அல்லது தேய்தல் என்றால் நுனி மட்டும் கரைவதாகத் தோன்றுமா? நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.