மறுமொழி: வெளியிணைப்பு எஞ்சினின் ‘கில் கோட்’ – நிறுத்துநாண் என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, திருகோணமலையிலிருந்து வணக்கம்.

படகு ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற ‘கில் கோட்’ கயிற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். கொலைக்கயிறு, உயிர்க்கயிறு, பிணைகயிறு, துண்டிப்பு நாண், கழல்நாண் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. என் முன்மொழிவு நிறுத்துநாண். ஏன் என்று சொல்லப் பொருளிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலப் பெயரைப் பிடித்துக்கொண்டே பேசினால் இந்த விவாதம் முடியாது.

எங்கள் கரையில் தொழிலுக்குப் போகிறவர்களிடமும், லீவு நாளில் தூண்டில் போடுவதற்கென்று சொந்தப் படகு வைத்திருப்பவர்களிடமும் இருப்பது பெரும்பாலும் 18 முதல் 23 அடி வரையான பைபர் படகுதான். பின்பலகையில் வெளியிணைப்பு எஞ்சின். அந்த எஞ்சினின் கைபிடியிலோ அதை ஒட்டியோ ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பொத்தானின் கழுத்தில், நடுவில் பிளந்த ஒரு பிளாஸ்டிக் கவ்வி செருகியிருக்கும். கவ்வியிலிருந்து சுருள் சுருளாக ஒரு சிவப்புக் கயிறு, மறுமுனையில் ஒரு கொளுக்கி. படகு ஓட்டுபவர் அந்தக் கொளுக்கியை முழங்காலைச் சுற்றியோ உயிர்காப்பு அங்கியின் வளையத்திலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறி விழுந்தால் கயிறு இழுபடும், கவ்வி கழன்றுவிடும், பொத்தான் உள்ளே போகும், எஞ்சின் நிற்கும். இவ்வளவுதான் அதன் வேலை.

எஞ்சின் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு நண்பர் கேட்டிருந்தார். “ஆள் விழுந்தால் படகு நேரே போய்விடும், அவர் நீந்தட்டும்” என்பது அவர் நினைப்பு. நேரே போகாது. கை விட்டதும், சுற்றுகிற விசிறியின் விசையில் எஞ்சின் ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடிக்கத் தொடங்கும். வட்டத்துக்குள்ளே விழுந்தவர் இருப்பார். 2013 மே மாதம் இங்கிலாந்தின் கோர்ன்வோல் கரையில் பாட்ஸ்டோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தவர் ஆறு பேரும் வேகப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. இருவர் இறந்தார்கள், மற்ற நால்வரும் காயப்பட்டார்கள். அந்தப் படகில் இந்தக் கயிறு இருந்தது. ஓட்டியவர் உடம்பில் மாட்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், இந்தச் சாதனம் பொருத்திய 26 அடிக்குக் குறைந்த படகுகளில் ஓடும்போது இதை மாட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம். எங்கள் பைபர் படகுகள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்குகிறவை.

தூண்டில்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். வலைக்குப் போகும் படகில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர் பல நேரம் தனியாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒரு கையில் கைபிடி, மறு கையில் தூண்டில் தண்டு. கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெளியே வந்ததும் அலையின் குணமே மாறும். அங்கே ஒரு பெரிய பாரை இழுத்ததென்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது எழுந்து நிற்பதுதான். விழுவதற்கு அதைவிட நல்ல தருணம் கிடையாது.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

கொலைக்கயிறு பற்றி அதிகம் பேச வேண்டாம். ஆங்கிலத்தில் எஞ்சினைக் ‘கொல்லலாம்’, தமிழில் நாம் எஞ்சினை நிறுத்துவோம், நிப்பாட்டுவோம், நூர்ப்போம். அந்தப் பெயரோடு ஒரு பொருளைப் பிள்ளையின் இடுப்பில் மாட்ட எந்தத் தாயும் விடமாட்டார்.

உயிர்க்கயிறு கேட்க நன்றாக இருக்கிறது. அதை முன்மொழிந்த அக்காவின் அக்கறையும் புரிகிறது. ஆனால் கடலில் உயிரைக் காக்கும் கயிறு என்றால், தண்ணீரில் கிடக்கிறவருக்கு எறிகிற கயிறுதான் யாருக்கும் நினைவுக்கு வரும். அதுவும் படகில் இருக்க வேண்டிய பொருள், அதற்கும் ஒரு பெயர் தேவை. உயிர்காப்பு அங்கி, உயிர்காப்பு வளையம் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கும்போது, மூன்றாவதாக இதுவும் சேர்ந்தால் அவசரத்தில் எது எதுவென்று குழம்பும்.

பிணைகயிறுதான் எனக்கு உண்மையில் பயம் தருகிற சொல். அந்த மடலில் இப்படி இருந்தது:

> ஆளையும் படகையும் பிணைத்து வைப்பதால் பிணைகயிறு பொருத்தம். விழுந்தாலும் கயிற்றைப் பிடித்து ஏறிவிடலாம்.

ஐயா, அது பிணைக்காது. விட்டுவிடுவதற்காகவே செய்தது. ஆள் விழுந்த கணத்தில் கவ்வி கழன்று அவரோடு கடலுக்குப் போய்விடும், படகு தனியே நிற்கும். பிணைக்கும் என்று நம்பி ஒருவர் உயிர்காப்பு அங்கி போடாமல் போனால், அந்த நம்பிக்கையை நம் சொல்தான் கொடுத்ததாகும். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும். மலை தாண்டி வரும் சூடான காற்று, கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. எஞ்சின் நின்ற வெற்றுப் பைபர் படகு அந்தக் காற்றில் கடலுக்குள்ளே போகிற வேகத்தை நீந்திப் பிடிப்பது கஷ்டம். ஆகவே எஞ்சினை நிறுத்துவது பாதி வேலைதான், மிதந்துகொண்டிருப்பதற்கு அங்கி வேண்டும். சொல் ஒன்று இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாக்கிக் காட்டக் கூடாது.

துண்டிப்பு நாண் என்பதில் ‘நாண்’ எனக்குப் பிடித்தது, அதற்குப் பிறகு வருகிறேன். ‘துண்டிப்பு’தான் பொருந்தவில்லை. மின்சுற்றைத் துண்டிக்கிறது என்று நினைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலான வெளியிணைப்பு எஞ்சின்களில் நடப்பது அதற்கு நேர்மாறு. பொத்தான் உள்ளே போனதும் தீப்பொறிக்குப் போகிற மின்சாரத்தை எஞ்சின் உடலோடு சேர்த்துவிடுகிறது. மின்சாரம் அந்த வழியே போய்விடுவதால் பிளக்கில் பொறி விழாது. துண்டிப்பதல்ல, இணைப்பதுதான் எஞ்சினை நிறுத்துகிறது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கும் இதே கதைதான். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் பொறி இல்லாமல் அது ஓடாது. இன்னொன்று, துண்டிப்பு நாண் என்றால் கயிறே அறுந்துவிடும் என்று ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். கயிறு அறுந்துவிடக் கூடாது. கழல வேண்டியது கவ்வி.

கழல்நாண். இதில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். ‘கழண்டு போச்சு’ என்று தினமும் சொல்கிறோம், ஆகவே எல்லோருக்கும் புரியும். காலில் அணிவதற்கும் கழல் என்று பெயர், இதையும் பலர் காலில்தான் மாட்டுகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவருக்கு நல்ல காது. ஆனாலும் நான் இதை எடுக்கவில்லை. முதல் காரணம், எதற்காகக் கழல்கிறது என்பதை இது சொல்லவில்லை. எஞ்சின் என்ற எண்ணமே சொல்லில் இல்லை. இரண்டாவது காரணம் போன வாரம் ஒரு தம்பி எழுப்பிய கேள்வி: இப்போது கயிறே இல்லாத வகை வந்துவிட்டதே, அதற்கு என்ன சொல்வது? உண்மைதான். சின்ன வில்லை ஒன்றை ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்கிறார். அது தண்ணீரில் விழுந்தாலோ படகைவிட்டு விலகினாலோ, கம்பியில்லாத் தொடர்பு அறுந்து எஞ்சின் நின்றுவிடுகிறது. அங்கே கழல்வதற்கு ஒன்றுமில்லை. நிற்பது மட்டும் மாறவில்லை. ஆகவே ‘நிறுத்து’ என்ற வேரில் நின்றால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. கயிற்றுக்கு நிறுத்துநாண், கயிறில்லாததற்கு நிறுத்துவில்லை, பொத்தானுக்கு நிறுத்தாளி.

பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு நண்பர்கள் ‘நிறுத்துவிசை’ என்றார்கள். இலங்கைப் பாடப்புத்தகங்களில் சுவிட்சுக்கு ஆளி என்பதுதான் சொல், இங்கே விஞ்ஞானம் படித்த எல்லோருக்கும் அது பழக்கம். எந்தப் பக்கம் எது வழக்கமோ அதையே வைத்துக்கொள்ளட்டும். இந்த இடத்தில் பிடிவாதம் தேவையில்லை.

சரி, ஏன் கயிறு வேண்டாம், நாண் வேண்டும்? படகில் கயிறு என்ற பெயரில் எத்தனையோ கிடக்கின்றன. நங்கூரக் கயிறு, கட்டுகிற கயிறு, இழுக்கிற கயிறு. “கயிறைப் போடு” என்று கத்தினால் எந்தக் கயிறு என்று கேட்க வேண்டிவரும். நாண் என்று படகில் வேறு எதுவும் இல்லை. அதோடு நாண் உடம்பில் அணிகிற பொருள் என்ற நினைப்பு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. குழந்தைக்கு அரைநாண் கட்டாத வீடு குறைவு. இதுவும் கைபிடியில் சும்மா தொங்குவதற்கானதல்ல, உடம்பில் இருக்க வேண்டியது. அந்த ஒரு செய்தி பெயரிலேயே இருந்தால் பாதி விளக்கம் மிச்சம்.

கொடி என்று வைக்கலாமே, அரைநாண்கொடி, தாலிக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் உடம்போடு சேர்ந்தவைதானே என்று என் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். அருமையான யோசனை. ஆனால் வலைக்கு அடையாளமாகக் கடலில் கொடி நடுகிறோம், படகிலும் கொடி பறக்கிறது. கடலில் கொடி என்றால் கண் மேலே பார்க்கும்.

பேச்சில் நிப்பாட்டுக் கயிறு என்று வந்தால் வரட்டும். நான் தடுக்க மாட்டேன், அதுவும் அதே வேலையைச் சொல்கிற சொல்தான். எழுத்தில், ஒட்டியில் (ஸ்டிக்கரில்), பயிற்சிக் குறிப்பில் நிறுத்துநாண் என்று ஒரே மாதிரி இருந்தால் போதும். இப்போது இதைப் பற்றிக் கேட்டால் ‘அந்தச் சிவப்பு வயர்’ என்றுதான் கையைக் காட்டுகிறார்கள். பெயரில்லாத பொருளைக் கவனித்துக்கொள்ள யாருக்கும் தோன்றுவதில்லை.

அதன் விளைவை நான் கண்ணால் பார்த்தபடி சொல்கிறேன். அண்மையில் நண்பர் ஒருவர் பழைய படகு ஒன்றை வாங்கலாமா என்று பார்க்க என்னையும் கூட்டிப் போனார். எஞ்சின் நல்ல நிலை, பைபரில் வெடிப்பு இல்லை. குனிந்து கைபிடிப் பக்கம் பார்த்தேன். கவ்வி இல்லை. பொத்தானின் கழுத்தில் பச்சை நைலோன் நூலை இறுக்கமாகச் சுற்றி, நுனியைத் தீயில் உருக்கி ஒட்டியிருந்தார்கள். நூலின் மேல் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது, நெடுநாள் கட்டு. கவ்வி தொலைந்ததும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஆகவே இப்படிச் செய்தோம் என்றார் விற்பவர், மிக இயல்பாக. அந்த எஞ்சின் இனி யார் விழுந்தாலும் நிற்காது. நண்பர் விலை பேசும்போது புதுக் கவ்வியும் கயிறும் வாங்கித் தந்தால்தான் எடுப்பேன் என்று நின்றார், தந்தார்கள்.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஓட்டுபவர் கவ்வியோடு கடலில் விழுந்துவிட்டால், படகில் மிச்சமிருக்கிறவர் எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து அவரைத் தூக்க வேண்டும். கவ்வி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே இரண்டாவது நாண் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு ‘மாற்றுநாண்’ என்று வைத்தால் சுருக்கமாக இருக்கும், மாற்றுச் சாவி என்று நாம் சொல்லும் பழக்கத்தோடும் ஒத்துப்போகும். கடையில் ஒன்று வாங்கும்போதே இரண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

நாங்கள் சில படகுக்காரர்கள் சேர்ந்து எஞ்சின் மூடியில் ஒட்டுவதற்குத் தண்ணீரில் அழியாத ஒட்டி ஒன்று அச்சடிக்கிறோம். அதில் போட நினைத்திருக்கும் வரிகள்:

> எஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் நிறுத்துநாணை உடம்பில் மாட்டுங்கள்.
> நிறுத்துநாண் ஆளைப் பிடித்து வைக்காது. உயிர்காப்பு அங்கியையும் போடுங்கள்.
> மாற்றுநாண் படகில் இருக்கட்டும். கவ்விக்குப் பதிலாக நூல் கட்டாதீர்கள்.

வேற்றுமை உருபு ஏற்கும்போதும் வாயில் தடங்கல் இல்லை: நிறுத்துநாணை, நிறுத்துநாணில், நிறுத்துநாணோடு. எஞ்சின் சத்தத்துக்கு மேலே “நாண் போட்டாச்சா?” என்று கத்தினாலும் கேட்கும். உட்துறைமுகத்தில் கத்திப் பார்த்தோம், படகின் மறுமுனையில் நின்றவர் திரும்பிக் கையைக் காட்டினார்.

இன்னும் தீராத ஒன்று கவ்வி. நான் மேலே முழுக்கக் கவ்வி என்றே எழுதியிருக்கிறேன். நண்டுக் கவ்வியோடும் துணிக் கவ்வியோடும் மோதுமா, அல்லது நாணின் பகுதியாக வரும்போது குழப்பம் இல்லையா? இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கத்து நண்பர்கள் உங்கள் கரையில் இதற்கு ஏற்கெனவே பேச்சுச் சொல் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கரையில் புழங்குகிற சொல் ஒன்று இருந்தால், நான் முன்மொழிந்ததை விட்டுவிட்டு அதையே ஒட்டியில் போட எனக்குச் சம்மதம். அச்சகத்துக்கு இந்த மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும்.