பெற்றோல் 4 லீற்றர், படம் ஒன்று, விமர்சனம் இல்லை

கிளிநொச்சி

2022 ஆகஸ்ட், நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். கியூஆர் குறியீட்டை நீட்டினால் அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போய்வர 130 கிலோமீற்றர் மட்டில் வரும். என்னுடைய பழைய வண்டி லீற்றருக்கு 45 ஓடினால் பெரிய விஷயம். ஆக, ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கிழமை மிச்சம் முழுக்கச் சைக்கிள் மிதிக்க வேண்டியதுதான்.

அப்படியும் நானும் மச்சானும் போனோம். பெரிய நடிகர், பெரிய நிறுவனம், பெயர் வேண்டாம். முதல்நாள் இரவு முழுக்கப் போனைத் துருவினேன். சென்னையில் பத்திரிகையாளர்களுக்குப் படத்தை முன்கூட்டிக் காட்டியிருந்தால் அன்றிரவே ஒன்றிரண்டு பேராவது வாய் திறந்திருப்பார்கள். ஒன்றுமே இல்லை. பத்திரிகைக் காட்சி வைக்கவில்லையாம் என்று மட்டும் எங்கேயோ ஒரு வரி கிடந்தது. அதைக் காட்டியபோது மச்சான் சொன்னது இன்றைக்கும் காதில் நிற்கிறது: "ஒருத்தனும் கூடாது எண்டு சொல்லேல்லத்தானே. அப்ப நல்லாத்தான் இருக்கும்."

படம் தொடங்கும்போது முன்வரிசைப் பெடியள் கடதாசி கிழித்துப் பறக்கவிட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு அதே பெடியள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா நல்ல நித்திரை. திரும்பி வரும்போது ஆனையிறவுக் காற்று நெஞ்சிலே அடித்தது. வண்டி முக்கியது. எரிபொருள் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பரந்தன் சந்தியில் பிளேன்ரீக்கு நிறுத்தியபோதுதான் மச்சான் முதல்முறையாகக் கதைத்தான். அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மச்சானின் அந்தத் தர்க்கத்தை உண்மையாகவே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அலெக்சாண்டர் பிரவுன், கொலின் கேமரர், டான் லொவல்லோ என்ற மூவர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு. ஹொலிவூட் நிறுவனங்கள் சில படங்களை விமர்சகர்களுக்குக் காட்டாமலே நேராகத் தியேட்டருக்கு விடும். அப்படி விட்ட படங்கள் அமெரிக்காவுக்குள் எதிர்பார்க்கக்கூடியதை விட 10 முதல் 30 விழுக்காடு வரை கூடுதலாக வசூலித்திருக்கின்றன. ஒளித்து வைக்கிறான் என்றால் சரக்கு சரியில்லை என்று சனம் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. வெளிநாடுகளிலும் வீடியோ வாடகையிலும் அந்தக் கூடுதல் வசூல் காணப்படவில்லை. படம் அங்கே போய்ச் சேர்வதற்குள் அதன் சங்கதி முந்திப் போய்விடுகிறது.

ஒரு காலத்தில் நாங்களும் அந்த 'வெளிநாட்டு'க் கணக்கில்தான் இருந்தோம். படம் பிந்தி வரும், அதன் பெயரும் கூடவே வரும். இப்போது சென்னையில் வெளியாகும் அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஏமாறுவதிலும் நாங்கள் முதல்நாள் ஆட்களாகிவிட்டோம். சென்னைக்காரருக்குத் தியேட்டர் பக்கத்துத் தெருவில், படம் கூடாது என்றால் எழும்பிப் போகலாம். எங்களுக்கு வான் வரவேண்டும்.

ஒளிப்பவர் எல்லாரும் குப்பையைத்தான் ஒளிக்கிறார்கள் என்றும் நான் சொல்லவில்லை. 1960 இல் ஹிட்ச்கொக் 'சைக்கோ' படத்தை விமர்சகர்களுக்குத் தனியாகக் காட்டவில்லை, அவர்களும் சனத்தோடு சனமாக இருந்துதான் பார்த்தார்கள். படம் தொடங்கிய பிறகு ஒருவரையும் உள்ளே விடக் கூடாது என்றும் வைத்தார். அது கதையின் திருப்பத்தைக் காப்பாற்றுவதற்காக. எங்கள் ஆட்கள் எந்தத் திருப்பத்தைக் காப்பாற்றுகிறார்கள்?

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். படத்தின் பெயர் வேண்டாம், ரசிகர் சண்டைக்கு எனக்கு நேரமில்லை.


பரந்தன்

அண்ணா, தலைவர் படத்துக்கு விமர்சனம் பார்த்துவிட்டா போவார்கள்? நாங்கள் போவது கூத்தடிக்க. கடதாசி பறக்கவிட்டது நாங்களாகக் கூட இருக்கலாம், மன்னிக்கவும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு போனை நோண்டியது உண்மை.


வவுனியா

நான் ஒரு வாரப் பத்திரிகையின் சினிமாப் பக்கத்துக்கு இடைக்கிடை எழுதுகிறவன், அதனால் மற்றப் பக்கத்துக் கதை கொஞ்சம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வரும் பக்கத்தை வியாழன் பின்னேரமே முடித்துக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமைப் படத்தை முன்கூட்டிப் பார்க்காவிட்டால் என் விமர்சனம் அடுத்த ஞாயிறுதான் வரும். பத்து நாள் பிந்திய விமர்சனத்தை யார் வாசிப்பார்? அதற்குள் படமே மாறியிருக்கும். முதல் மூன்று நாள் வசூலை அள்ளிவிட வேண்டும் என்றால் என்னைப் போன்றவனை அந்த மூன்று நாள் பேசாமல் வைத்திருந்தால் போதும். நிறுவனத்துக்கு அதில் ஒரு சதமும் செலவில்லை.

முழுதாக மறைப்பது ஒரு வகை. காட்டிவிட்டு, இன்ன நாள் இன்ன மணி வரைக்கும் எழுதக் கூடாது என்று கட்டிப் போடுவது இன்னொரு வகை. அந்த மணி படம் வெளியாகும் நேரத்துக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவுக்கு எனக்கு வயிறு கலங்கும். மூன்றாவது வகையும் உண்டு, ஆளைத் தெரிந்து கூப்பிடுவது. 2009 இல் 'ஜி.ஐ. ஜோ' படத்துக்குப் பாரமவுண்ட் நிறுவனம் பெரும்பாலான பத்திரிகை விமர்சகர்களை விட்டுவிட்டுச் சில இணையத்தளக்காரருக்கு மட்டும் காட்டியது. முதல் வார இறுதியிலேயே 5 கோடி டொலருக்கு மேல் வசூல்.

என்னுடைய அனுபவம் இதிலே சின்னது. ஒருமுறை கொழும்பில் ஒரு முன்கூட்டிய காட்சிக்கு அழைப்பு வந்தது. இரவு பஸ் ஏறிப் போனேன். நல்ல சாப்பாடு, ஏசி, பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டு "நாலு வரி நல்லதா எழுதிவிடுங்கோ தம்பி" என்று ஒரு குரல். நான் இரண்டு வரி நல்லதாகவும் பத்து வரி உள்ளதாகவும் எழுதினேன். அதோடு அழைப்பு நின்றுவிட்டது. இப்போது என் காசில் டிக்கற் எடுத்துப் பார்க்கிறேன், எழுத்து கொஞ்சம் சுதந்திரமாகத்தான் இருக்கிறது.

இந்தியாவில் இது வழக்காகவும் போய்விட்டது. 2024 நவம்பரில், தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப்காரரை விடாதீர்கள் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் கேட்டது. டிசம்பரில் இன்னொரு தயாரிப்பாளர் அமைப்பு, முதல் 3 நாள் விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம், அப்படிப் பொதுவாகத் தடை போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளத்திலும் அதே ஆண்டு மார்ச்சில், நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்டவர் 48 மணித்தியாலம் பொறுக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தார். காசு வாங்கிக்கொண்டு படத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர்களைப் பிடிக்க என்னையும் ஏன் கட்ட வேண்டும்?


ரொறன்ரோ (ஊர் புதுக்குடியிருப்பு)

நான்தான் எங்கள் ஒழுங்கையின் பத்திரிகைக் காட்சி.

இங்கே பெரிய படங்களை முதல்நாள் இரவே போட்டுவிடுவார்கள். கோடையில் ஊருக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். புதன் இரவு 8 மணிக்கு நான் தியேட்டரில் இருக்கும்போது ஊரில் வியாழன் விடியப்புறம் ஐந்தரை. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். சென்னையில் விமர்சகரை எவ்வளவு பூட்டி வைத்தாலும் எனக்குப் பூட்டு இல்லை. படம் முடிந்ததும் கார் தரிப்பிடத்தில் நின்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவேன். அம்மா அதை மாமிக்கு அனுப்ப, மாமி எல்லாருக்கும் போட்டுக் காட்ட, பத்து மணிக்குள் ஒழுங்கை முழுக்கத் தீர்ப்பு வந்துவிடும்.

ஒரேயொரு முறை சறுக்கினேன். அது பனிக்காலம், இரண்டு மாதமாக வேலையும் வீடும் தவிர வேறெங்கும் போகவில்லை. படத்தில் ஒரு கிணற்றடியும் வாழைத்தோட்டமும் வந்தன. அழுதுவிட்டேன். "கட்டாயம் பாருங்கோ" என்று குரல் தழுதழுக்கச் சொல்லிவிட்டேன். என் சொல்லை நம்பித் தம்பி குடும்பத்தோடு வான் பிடித்துப் போனான். மூன்று மணித்தியாலப் படத்தில் கிணற்றடி இரண்டு நிமிடம்தானாம். வான் கூலியை நான் அனுப்ப வேண்டும் என்று இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.


மாங்குளம்

பிள்ளைகள் எல்லாரும் இது புதுசு மாதிரிக் கதைக்கிறீர்கள். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கேளுங்கள்.

வன்னியில் கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் கலியாண வீடு, சாமத்திய வீடு முடிந்தால் டெக் பிடிப்போம். டெக், டிவி, ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்குக் கொண்டுவருகிற ஆள்தான் கசற்றுகளும் கொண்டுவருவார். முற்றத்தில் பாய் விரித்து விடியவிடிய நாலு படம். எந்தப் படம் எப்போது என்பதை அவர்தான் முடிவு செய்வார், அதிலே ஒரு சூட்சுமம் இருந்தது. முதலாவது நல்ல படம், சனத்தை இருத்த. இரண்டாவது சண்டைப் படம். கூடாத படத்தை மூன்றாவதாகப் போடுவார். அப்போது நேரம் இரண்டு மணி, சிறுசுகள் நித்திரை, பெரிசுகள் அரை நித்திரை. நாலாவது மறுபடி நல்ல படம். விடிய எழும்பிப் போகும் சனத்துக்கு அதுதான் ஞாபகத்தில் நிற்கும். நாலு படத்தின் காசையும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

என்னுடைய மனுசி மட்டும் நித்திரை கொள்ள மாட்டா. ஒருநாள் விடியக் காசு கொடுக்கும்போது "மூண்டாவது படத்துக்கு ஏன் காசு?" என்று அவரை முற்றத்தில் வைத்தே கேட்டா. அந்த மனுசன் அடுத்தமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது முதல் வேலையாக மனுசிக்குக் கசற்றுகளைக் காட்டி, எது வேண்டாம் என்று கேட்டார். ஹொலிவூட்டுக்கு இது தெரியாது.

2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு சீடி வந்தது. கடைக்காரப் பெடியனிடம் கேட்பதை விட, சீடியைத் திருப்பிக் கொடுக்க வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதுதான் சரியான வழி. வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் எல்லாம் விளங்கும்.


முல்லைத்தீவு

நான் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். நானும் ஒளித்தவன்.

26 நிமிடக் குறும்படம். இரண்டு வருட உழைப்பு, சீட்டுக் காசு, அக்காவின் ஒரு சோடிக் காப்பு எல்லாம் அதற்குள் போயிருந்தன. பொது மண்டபத்தில் சனி ஒரு காட்சி, ஞாயிறு ஒரு காட்சி. எங்களுடைய படங்களுக்கு முதல் வார இறுதிதான் கடைசி வார இறுதியும். மூன்றாவது காட்சி என்று ஒன்று இல்லை.

எங்கள் பக்கத்தில் படங்களைப் பற்றி எழுதுகிற ஒரு வாத்தியார் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் 2015 இல் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியதிலிருந்து முடிந்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்வருகிறவர். அவர் படத்தை முதலில் பார்க்கக் கேட்டார். எனக்குத் தெரியும் என் படத்தின் நோய் என்னவென்று. டப்பிங்கைத் தகரக் கொட்டிலில் மழைநாளில் எடுத்திருந்தோம். நாயகன் நடுக்கடலில் கதைக்கும்போது தகரத்தில் மழை கொட்டும். "ஞாயிறு பின்னேரம் வாங்கோ சேர், அண்டைக்குத்தான் நல்ல கதிரை போடுறம்" என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதும்போது எல்லாம் முடிந்திருக்கும் என்பதுதான் என் கணக்கு.

சனிக்கிழமையே வந்துவிட்டார். டிக்கற் எடுத்து, பின்வரிசையில். இரவே எழுதியும் போட்டார். மழைச் சத்தத்தைப் பற்றி ஒரு பந்தி. தாய் வலை பொத்துகிற காட்சியைப் பற்றி இரண்டு பந்தி. அதை எடுத்த எனக்கே தெரியாத சில விஷயங்களை அதில் கண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சனிக்கிழமையை விடக் குறைவான சனம். அவர் எழுதியதாலா, அன்றைக்கு உண்மையாகவே மழை பெய்ததாலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வவுனியாக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நூறு கோடிக்காரன் ஒளிப்பதையும் அக்காவின் காப்பை வைத்தவன் ஒளிப்பதையும் ஒரே தராசில் போடாதீர்கள் அண்ணா. அடுத்த படத்துக்கு வாத்தியாரை முதலிலேயே கூப்பிடுவாயா என்று மனுசி கேட்கிறா. சத்தம் சரியாக வந்தால் கூப்பிடுவேன்.


கிளிநொச்சி

முல்லைத்தீவுத் தம்பி, "சத்தம் சரியாக வந்தால்" என்றீர்களே, எல்லா நிறுவனமும் அதைத்தான் செய்கிறது. ஆனாலும் உங்கள் காப்புக் கணக்கு வேறு, ஒத்துக்கொள்கிறேன். படத்தை மறுபடி எங்கேயாவது போட்டால் சொல்லுங்கள், மழைச் சத்தத்தோடேயே பார்க்கிறோம்.

மாங்குளத்து ஐயா, மனுசிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ அக்கா, இந்த வியாழக்கிழமை வருகிற படத்துக்கும் பத்திரிகைக் காட்சி இல்லையாம். அயலில் பதினொரு பேர் வானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மச்சானும்தான். சாரதிக்குக் காலை ஒன்பது மணிக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். நீங்கள் பார்த்துவிட்டுக் கார் தரிப்பிடத்துக்கு வந்ததும் ஒரு சொல் போடுங்கள். கிணற்றடி எத்தனை நிமிடம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.