புதுப்பிப்பு: வெள்ளைப் பணியாரம் சரியாக வந்துவிட்டது

செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம் (அரிசி, உளுந்து மாவை எண்ணெயில் பொரித்தெடுப்பது) எண்ணெய் குடிக்கிறது, ஓரம் முறுகிப்போகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன் இல்லையா? நேற்று காரைக்குடி வீட்டில், கணவரின் அப்பத்தா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள்.

தவறு மாவில்தான். இட்லி மாவு மாதிரி இரவு முழுக்கப் புளிக்க வைத்திருந்தேன். இது புளிக்கவே கூடாது. ஓர் ஆழாக்கு (பழைய முகத்தலளவை) பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தை நிற்கிற மட்டும் கோபுரமாகக் குவிக்க வேண்டும். உளுந்துக்குத் தனி அளவே கிடையாது! எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கணக்குதான். இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, கொஞ்சம் பால் சேர்த்து உடனே ஊற்றிவிட வேண்டும். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி மாவை ஒரே இடத்தில் விட்டதும் தானாக மேலெழும்பி வந்தது. "சிவக்க விடாதே ஆத்தா, திருப்பிப் போட்டு எடு" என்றார்கள்.

மிளகாய்த் துவையலோடு வைத்தேன். அயித்தை (அத்தை) இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அது போதும்.

அப்புறம், நான் பின்னிக்கொண்டிருக்கும் கொட்டானுக்கு (பனையோலைக் கூடை) ஓலையை நனைத்துவிட்டுப் பின்னச் சொன்னவர்களுக்கு நன்றி. இப்போது ஓலை ஒடியவில்லை. அடி முடிந்தது, விளிம்பு மட்டும் பாக்கி.