குடியை வீட்டிலேயே நிறுத்த வைத்தோம், நடந்தது இது

திருவட்டார் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் ரப்பர் பால் வெட்டுபவர். அதிகாலை மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் ஒன்பது மணிக்குள் வேலை முடிந்துவிடும், அப்புறம் பகல் முழுக்கச் சும்மா. முதலில் சாயங்காலம் ஒரு குவாட்டர், பிறகு மதியமே ஒன்று, கடைசி இரண்டு வருடம் காலையில் கை நடுங்காமல் கத்தியைப் பிடிக்கவே ஒரு கட்டிங் வேண்டியிருந்தது. ஆனி, ஆடி மழையில் வெட்டு இல்லாத நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போன வருடம் அப்படி ஒரு மழை வாரத்தில் அம்மாவும் அண்ணியும் நானும் சேர்ந்து முடிவெடுத்தோம், வீட்டுக்குள்ளேயே வைத்து நிறுத்த வைத்துவிடுவது என்று. அவரும் பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். ஞாயிறு ராத்திரி கடைசிக் குடி. திங்கள் மதியமே நடுக்கம், சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. "எல்லாம் மனசுதான், ரெண்டு நாள் தாங்கிக்க" என்றோம். சோறு இறங்கவில்லை என்று பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக் கூட்டி வந்தோம். குடி விஷயத்தை அங்கே சொல்ல வெட்கமாக இருந்தது. செவ்வாய் காலை வலிப்பு. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். வலிப்பு நின்றதும் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டோம், அதை நினைத்தால் இன்னும் எனக்குத் தூக்கம் வராது.

புதன் ராத்திரி எழுந்து உட்கார்ந்து, சுவரில் நகத்தால் கோடு கிழிக்க ஆரம்பித்தார். மேலிருந்து கீழே, பட்டை வெட்டுகிற அதே சாய்வில். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே, அங்கே இல்லாத, பால் பிடிக்கிற சிரட்டையைத் தொட்டுத் தொட்டுச் சரி பண்ணினார். என்னைப் பார்த்து, "மொதலாளி, மழை வருது, சிரட்டையைக் கவுத்தணும்" என்றார். நான் கூடப் பிறந்தவள்.

108-ல் ஏற்றி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனோம். குடித்ததற்குத் திட்டுவார்கள் என்று பயந்தபடி நின்றால், டாக்டர் கேட்ட முதல் கேள்வி "எப்போ நிறுத்தினார்?" என்பதுதான். வருடக்கணக்காகச் சாராயம் மூளையை அமுக்கியே வைத்திருக்கும், அதை மீறி ஓட மூளையும் பழகியிருக்கும், திடீரென்று அமுக்கம் போனால் அது தறிகெட்டு ஓடும் என்று விளக்கினார். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பதுதான் வழி. வீட்டில் நாம் ஒரேயடியாக வெட்டியதை அவர்கள் படிப்படியாக இறக்கினார்கள். கூடவே தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1. குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடாததால் உடம்பில் அது தீர்ந்து போயிருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கே பாதிப்பு வரலாம் என்றார். அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணி அப்போதுதான் பையிலிருந்து ஒரு பொடிப் பொட்டலத்தை எடுத்தார். 'தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்' வகை. டாக்டருக்கு அன்று வந்த ஒரே கோபம் அதற்குத்தான். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டாம், அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் இறங்கி ஆளே போய்விடலாம், மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துத்தான் கொடுப்பார்கள். இந்தப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கு ஈரல் டெஸ்ட் பார்த்துவிட்டு நால்ட்ரெக்சோன் எழுதினார். குடிக்கத் தூண்டும் அந்த ஆவலை அது குறைக்கும் என்றார்.

— — —

அக்கா, நான் குளச்சல் பக்கம், கடல் தொழில். எனக்கும் ஆஸ்பத்திரி ஐந்து நாளில் நடுக்கத்தை எடுத்துவிட்டது, ஆனால் ஆறாவது நாள் கரையில் அதே கூட்டாளிகள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்களே. மூன்று தடவை விழுந்தேன், ஒரு தடவை ஊர்க் கோயில் கொடியேற்றத்து அன்றைக்கே. அப்புறம்தான் ஏஏ கூட்டத்துக்குப் போனேன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிகாரர்கள், சேர்ந்து ஆரம்பித்தது. காசு கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள், நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும். ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, கட்டன் சாயா. முதல் நாள் ஒருத்தர் எழுந்து, மகள் கம்மலை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொன்னார். நான் செய்ததும் அதேதான், நகை மட்டும் வேறு. இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர்கள் கடவுளைப் பற்றி நிறையப் பேசுவார்கள், என் மச்சினனுக்கு அது ஒத்து வரவில்லை, அவன் டாக்டரும் கவுன்சலிங்குமாக நிற்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான். குடிப்பவரோடு வாழ்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அண்ணியை அனுப்பிப் பாருங்கள்.

— — —

மறுவாழ்வு மையம் தேடுபவர்களுக்கு என் அனுபவம். ராத்திரி வண்டியில் நான்கு பேர் வந்து என் கணவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான்தான் பணம் கட்டி வரச் சொன்னேன். ஒரு மாதம் போனில்கூடப் பேச விடவில்லை. திரும்பி வந்தவர் முதுகில் தழும்பு, வீட்டுக்கு வந்த அன்றே குடித்தார், என்னோடு அதன் பிறகு சரியாகப் பேசியதில்லை. டாக்டரே அங்கே கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலப் பிரச்சினைகளுக்கும் பொருந்தும், இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சங்கிலியால் கட்டுவது குற்றம். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல டாக்டர் எந்தெந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள், மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

— — —

முதலில் அண்ணன் கதையை எழுதியவள்தான் நான். மறுவாழ்வு மையம் பற்றி அக்கா எழுதியதைப் படித்து நெஞ்சு கனத்துவிட்டது. நாங்களும் ஆளை அடைத்து வைத்தவர்கள்தானே. ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு: டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, போதைக்கான உதவி எண் 14446, இரண்டுக்கும் காசு இல்லை. டெலி மானஸில் நான் தமிழிலேயே பேசினேன். ஆனால் வலிப்போ பிதற்றலோ வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், 108.

அண்ணன் நடுவில் இரண்டு தடவை குடித்துவிட்டார். டாக்டரிடம் சொல்லப் பயந்தார், சொன்னதும் அவர் மாத்திரையைச் சரிபார்த்து அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது மறுபடி வெட்டுக்குப் போகிறார். சாயங்காலம் ஆறு மணி ஆனால்தான் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, மரச்சீனிக் கிழங்கைக் குவித்து வைத்துத் தோல் உரிக்க உட்கார்ந்துவிடுகிறார். வீட்டில் எல்லோருக்கும் கிழங்கு சலித்துப் போய்விட்டது, யாரும் வாயைத் திறப்பதில்லை.